உங்க தெரு வேகத்தடையை ஒருமுறை அளந்து பாருங்க!

ஒரு சின்ன ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி விபத்து நடந்தா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். மறியல், பேச்சுவார்த்தை, அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஒரு வேகத்தடை. வீட்டு வேலையில மிஞ்சின சிமென்ட்டோ, பக்கத்துத் தெருவுல மிஞ்சின தார்க்கலவையோ போதும். பெயின்ட் கிடையாது, அறிவிப்புப் பலகையும் கிடையாது. போட்டவங்க நோக்கம் நல்லதுதான். ஆனா அந்த மேடு யாரைக் காப்பாத்துது, யாரைக் கீழே தள்ளுது? கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

விதி என்ன சொல்லுது?

வேகத்தடைக்கான வழிமுறைகளை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லேயே ஐ.ஆர்.சி. 99 என்ற பெயரில் வெளியிட்டது. அதன்படி வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். இதைக் கடக்க வேண்டிய வேகம் மணிக்கு 25 கி.மீ. கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கணும், 40 மீட்டருக்கு முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும்.

இந்த எண்கள் சும்மா வந்ததில்லை. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால வகுத்தா, மேட்டு உச்சியில வண்டிக்கு வேண்டிய முடுக்கம் கிடைக்கும். 25 கி.மீ. வேகத்துல இது சுமார் 2.8 மீ/வி². லேசா ஒரு தூக்கல், அவ்வளவுதான். சுமார் 47 கி.மீ. தொட்டா இதுவே 9.8 ஆயிடும். சஸ்பென்ஷனைக் கணக்கில் எடுக்காம சொன்னா, டயர் ரோட்டை விட்டுக் கிளம்பும் நிலை! மெதுவா போறவருக்குச் சிரமமில்லை, வேகமா போறவருக்குத் தண்டனை. நியாயமான டிசைன்.

நம்ம ஊர் மேடு என்ன செய்யுது?

அதே 10 செ.மீ. உயரத்தை 30 செ.மீ. அகலத்துல கட்டினா கதை தலைகீழ். வேகமா வர்ற காருக்கு அந்த அடியில பெரும்பகுதியை டயரும் சஸ்பென்ஷனும் வாங்கிக்கும். ஸ்கூட்டரின் சின்ன சக்கரத்துக்கோ அது ஒரு படிக்கட்டு. 3.7 மீட்டர் மேட்டுல முழு பைக்கும் ஏறி இறங்கும். குறுகின மேட்டுல முன் சக்கரம் இறங்கின பிறகு பின் சக்கரம் தனியா ஏறும். அந்த உதை முழுக்கப் பின் சீட்டுக்கு. அங்க பெரும்பாலும் யார் இருப்பாங்க? ஒருக்களிச்சு உட்கார்ந்த அம்மா, சில சமயம் மடியில குழந்தை. ராத்திரியில மேடு தெரியாம கடைசி நொடியில பிரேக் பிடிச்சா இன்னும் மோசம்.

யார்கிட்ட கேட்கணும்?

முதல்ல ரோடு யாருதுன்னு பாருங்க. மைல்கல்லின் தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சையா இருந்தா மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள்ள இருக்கிற தெருக்கள் பெரும்பாலும் பேரூராட்சி அல்லது நகராட்சி பொறுப்பு. அனுமதியில்லாம பொதுச் சாலையில யாரும் மேடு கட்டக் கூடாது. கவுன்சிலர் வாய்மொழியா சரின்னு சொன்னாலும் அது அனுமதி ஆகாது. சாலையைப் பராமரிக்கிறவங்க தரவிதிகளை மீறி, அதனால மரணமோ ஊனமோ ஏற்பட்டா 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்லுது. இது 2019 திருத்தத்தில் வந்தது.

ஆனா "மேட்டை இடிங்க"ன்னு மட்டும் மனு கொடுத்தா, பள்ளி வாசல்ல இருந்த ஒரே தடையும் போயிடும். ஊர்க்காரங்க திரும்பவும் கட்டுவாங்க. அதனால மனுவில் ரெண்டையும் கேளுங்க: இதை எடுங்க, அதே இடத்துல அளவுப்படி ஒண்ணு போடுங்க. டேப் வெச்சு அளந்த அகலம், உயரம், போட்டோ, இடம் எல்லாத்தையும் சேருங்க. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர். அங்க வேலை நடக்கலைன்னா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் இருக்கு. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் கலெக்டர்தான்.

பழகிப் பார்க்க வெளியே போகவும் வேண்டாம். வேகத்தடை போடலாம்னு அந்த விதி சொல்ற இடங்கள்ல கல்லூரி வளாகமும் ஒண்ணு. சர்வே லேபுல டேப் இருக்கு, நம்ம மெயின் கேட்ல மேடும் இருக்கு. நாளைக்கே அளந்து பாருங்க.