குதிகால் வலிக்கு எந்தக் கை வைத்தியம்?

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி சுரீர் என்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நொண்டினால் கொஞ்சம் குறைகிறதா? மத்தியானம் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதையா? அப்படியானால் சகோதரிகளே, இந்தக் கடிதம் உங்களுக்குத்தான்.

எனக்கு முப்பத்தாறு வயது. 2022-ல் ஆரம்பித்த இந்த வலி ஒன்றரை வருஷம் என்னை ஆட்டிப் படைத்துவிட்டது. வீட்டில் ஐந்து பேருக்குச் சமையல். மீதி நேரத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். அந்தக் காசில்தான் பெண்ணின் டியூஷன் பீஸ். அடுப்படியில் நிற்கவும் முடியாமல், மெஷினை மிதிக்கவும் முடியாமல் போனால் என்ன செய்வது? "நேத்து நல்லாத்தானே நடந்தா, இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்பார் மாமியார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. வந்து வந்து போகிற வலியை யார்தான் நம்புவார்கள்?

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருப்பதாகத் தெரிந்தது. ஆபரேஷன்தானோ என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. எங்கள் அரசு மருத்துவமனை எலும்பு டாக்டர்தான் தைரியம் சொன்னார். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அந்த முள் தெரியுமாம். குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் தடித்த நாடா போல ஒரு சவ்வு போகிறது. அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம் நைந்து போவதால் வருகிற வலி இது. ராத்திரி தூங்கும்போது பாதம் கீழே தொங்கி அந்த நாடா சுருங்கிவிடுகிறது. காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென்று இழுபடுகிறது. அதுதான் அந்தச் சுரீர்! பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்றார்.

இனி, நான் பார்த்த கை வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செங்கல் ஒத்தடம்: சூடாக்கிய செங்கல்லின் மேல் எருக்கு இலையைப் போட்டு, அதில் குதிகாலை வைத்து எடுப்பது. என் அம்மா சொன்ன வைத்தியம். வைக்கிற நேரம் சுகமாக இருக்கும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் மறுநாள் காலை முதல் அடியில் வலி அப்படியேதான் இருக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்து போவதுகூடத் தெரியாது.

எண்ணெய் போட்டு அமுக்குவது: பக்கத்து ஊரில் ஒருவர் நரம்பு எடுப்பார் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வலிக்கிற இடத்திலேயே கட்டை விரலை வைத்துப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். "வலிச்சாத்தான் போகும்" என்றார். மூன்று நாள் குதிகால் கன்றிப்போய், கக்கூஸுக்குக்கூட ஒற்றைக் காலில் போக வேண்டியதாயிற்று. அடுத்த முறை நான் போகவில்லை.

மெஷின் வைத்தியம்: ஒரு தனியார் கிளினிக்கில் ஜெல் தடவி, குமிழ் மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் தேய்த்தார்கள். அல்ட்ராசவுண்ட் என்று பெயர். தடவைக்கு முந்நூறு ரூபாய் வீதம் பத்து நாள். வலிக்கவும் இல்லை, குறையவும் இல்லை.

பிசியோதெரபி: கடைசியில் அரசு மருத்துவமனையிலேயே பிசியோதெரபி பிரிவுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். காசு செலவில்லை. அங்கே இருந்தது சின்னப் பெண்தான். என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, குதிகாலை விடுங்க, கெண்டைக்கால்லதான் சங்கதி இருக்கு" என்றாள். கெண்டைக்கால் சதையில் ஓர் இடத்தை விரலால் அமுக்கினாள். ஆச்சரியம்! வலி குதிகாலில் தெரிந்தது!

அந்தப் பெண் மூன்று விதமாகக் கை வைத்தாள். ஒன்று, கெண்டைக்காலில் முடிச்சு மாதிரி இறுகிய இடங்களைக் கண்டுபிடித்து, மெதுவாக அழுத்திப் பிடித்து, இளகியதும் விடுவது. இரண்டு, கணுக்கால் மூட்டைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி அசைப்பது. பாதம் மேல் பக்கமாக மடங்க மறுத்தால் நடக்கும்போது அந்த நாடா அதிகமாக இழுபடும் என்பதால் இது. மூன்று, பாதத்தின் அடியில் அந்த நாடாவையே விரலால் குறுக்கே தேய்ப்பது. மூன்றில் வலி அதிகம் தெரிந்தது இதில்தான். எனக்கு அதிகப் பலன் கொடுத்தது முதலாவது. அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். கணுக்காலை அசைத்ததில் மாடிப்படி ஏறுவது லேசாயிற்று. பாதத்தில் தேய்த்தது ஒரு நாள்தான் தாங்கும்.

"அந்த மெஷின்ல எனக்கு ஏன் கேக்கலை?" என்று அவளிடமே கேட்டேன். 2009-ல் வெளிநாட்டில் அறுபது நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களாம். எல்லோருக்கும் உடற்பயிற்சி உண்டு. ஒரு பாதிப் பேருக்குக் கூடவே அல்ட்ராசவுண்டும் ஐஸும். மறு பாதிக்குக் கூடவே கையால் அமுக்கி, மூட்டை அசைக்கிற வைத்தியம். நாலு வாரத்திலும் சரி, ஆறு மாதத்திலும் சரி, கை வைத்தியம் பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள் என்றாள். 2011-ல் வெளிவந்த இன்னொரு ஆய்விலும், வெறும் பயிற்சி செய்தவர்களைவிட, பயிற்சியோடு கெண்டைக்காலை அமுக்கிவிட்டவர்களுக்கு ஒரு மாதத்தில் வலி அதிகம் குறைந்ததாம்.

"ஆனா அக்கா, என் கை ஒரு மாசம்தான். அப்புறம் உங்க காலுக்கு நீங்கதான் வைத்தியர்" என்று சொல்லி மூன்று பயிற்சி கற்றுக்கொடுத்தாள். தோழிகளே, இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே: வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடை மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தொட்டால் நாடா கம்பி மாதிரி விறைத்திருக்கும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. 2003-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், வெறும் கெண்டைக்காலை இழுத்தவர்களைவிட இப்படி விரலை வளைத்தவர்களுக்கு எட்டு வாரத்தில் நல்ல குணம் தெரிந்ததாம்.

2. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். முப்பது எண்ணும் வரை நில்லுங்கள். உலை கொதிக்கிற நேரத்தில் செய்துவிடலாம்.

3. வலி கொஞ்சம் குறைந்த பிறகு: மாடிப்படியின் விளிம்பில் நின்று, கால் விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக மூன்று எண்ணி ஏற்றுங்கள். இரண்டு எண்ணி நில்லுங்கள். மூன்று எண்ணி இறக்குங்கள். பன்னிரண்டு தடவை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் இரண்டு காலாலும் பழகி, பிறகு வலிக்கிற கால் மட்டும். நாடாவுக்குப் பலம் தருவது இதுதானாம்.

இதோடு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதை விட்டேன். வீட்டுக்குள் போட என்றே மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். செருப்போடு அடுப்படிக்கு வருவதா என்று மாமியார் முகம் சுளித்தார். அது தெருவையே பார்க்காத செருப்பு என்று புரிந்ததும் விட்டுவிட்டார். ஒரு மாதம் போனதும் காலையில் சுவரைத் தேடவில்லை. ஐந்தாவது மாதம் கோவில் பிரகாரத்தை மூன்று சுற்று வெறுங்காலோடு நிம்மதியாகச் சுற்றினேன்.

ஊசி போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசியில் வலி சட்டென்று குறையும், ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில வாரம்தான், எப்போதாவது அந்த நாடாவே அறுந்துவிடவும் கூடும் என்று டாக்டர் சொன்னார். முதலில் பயிற்சி, பிறகு யோசிப்போம் என்பதே அவருடைய வழி.

ஒரு எச்சரிக்கை. படுத்திருக்கும்போதும் வலித்தால், மரத்துப் போனால், வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், அல்லது இரண்டு குதிகாலும் வலித்துக் காலையில் முதுகும் இறுகிப் போனால், வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

வீட்டில் இருக்கிற ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே தெரியாத வலியும் வலிதான். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டுக் காய் நறுக்கினால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது. சகோதரிகளே, காலையில் மற்றவர்களுக்குக் காபி கலப்பதற்கு முன் உங்கள் பாதத்துக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். காபி ஐந்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிப் போகாது!

— ஓர் இல்லத்தரசி, கோவில்பட்டி