ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாமா?

வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்ட மறுநாள், "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்று அவர்கள் படுத்துவிட்டால், நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "நல்லா இருந்த மனுஷிக்கு ஊசியைப் போட்டுக் காய்ச்சலை வரவழைச்சுட்டீங்க" என்பார்கள் சிலர். "ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்பார்கள் மற்றவர்கள். முதல் பேச்சு தவறு. இரண்டாவது பேச்சு பாதிதான் சரி. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது. அதை நம் சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு வயது 74. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே இரத்தக் கொதிப்பு. ஐப்பசி மழை ஆரம்பித்தால் போதும், இருமலும் இளைப்புமாக ஒரு மாதம் படுத்திவிடும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா, "மழைக்கு முன்னாடியே ஃப்ளூ ஊசி போட்டுக்கிடுங்க பாட்டி" என்று சொன்னதால், 2023 அக்டோபர் முதல் வாரத்தில் போட்டோம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் கை வலி. ராத்திரி உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி அசதி. தெர்மாமீட்டரில் 99.8. மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "வாயெல்லாம் கசக்குது" என்று மத்தியானம் ரெண்டு வாய் கஞ்சி, ராத்திரி அரை இட்லி. இதற்குள் சேதி பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வந்து, "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கோவையில் இருக்கும் நாத்தனார் போனில், "மதினி, எங்கம்மாவை வச்சுப் பரீட்சை பாக்கீகளா?" என்று அழாத குறை. நான் என்னத்தைச் சொல்ல?

விடிகாலை நாலு மணிக்குப் பாத்ரூம் போன மாமியார், திரும்பி வரும்போது நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், மழைக் குளிரில் உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்திருக்கிறது. கை நடுங்குகிறது. என் கணவரைப் பார்த்து, இறந்துபோன தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "ஊசி வேலையைக் காட்டுது. படுக்க வை, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊசிக்குக் காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? வீட்டிலிருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 52 என்று காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்வு.

அவருக்கு விழுங்க முடிந்தது. அதனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 78. "என்னம்மா, எல்லாரும் எம்மூஞ்சியவே பாக்கீக?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, திரும்பத் திரும்பச் சர்க்கரை பார்த்து அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். காலை ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை அவர் அந்த இரண்டு நாளும் விடாமல் போட்டிருக்கிறார். "மாத்திரைய மட்டும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காகளே" என்பது அவர் நியாயம். சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்குமாம். வயிற்றில் சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும் வேலை செய்கிறது. அப்புறம் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்பதால், ஒரு தடவை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரியாகிவிட்டாலும் மறுபடி இறங்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் நிறுத்திவைத்தார்கள்.

"படுத்துத் தூங்கட்டும்" என்று போர்வையைப் போர்த்தி விட்டிருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அன்று டாக்டரம்மாவிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில், ஃப்ளூ ஊசியால் ஃப்ளூ காய்ச்சல் வராது. பெரியவர்களுக்குக் கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. செயலிழக்கச் செய்த கிருமியின் பகுதிகள்தான் இருக்கின்றன. உடம்பு அதைப் பார்த்துப் பழகி எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்யும்போது கை வலி, வீக்கம், தலைவலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல், அசதி வரலாம். ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும்.

அப்படியானால் ஊசி போட்ட பிறகும் சிலருக்குச் சளி, காய்ச்சல் ஏன் வருகிறது? ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி தொற்றிக்கொண்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும். மழைக்காலத்தில் சளி பிடிக்க வைக்கும் வேறு கிருமிகளும் ஏராளம். அவற்றை இந்த ஊசி தடுக்காது. வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாகவே உருவாகும் என்பதால், ஊசி போட்டும் சிலருக்கு ஃப்ளூ வருவதுண்டு. ஆனாலும் அது நிமோனியா, ஆஸ்பத்திரி வாசம் என்று முற்றிப்போகும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஃப்ளூவை வெறும் சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஃப்ளூவால் வரும் மூச்சுக் கோளாறில் உலகம் முழுக்க வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பயந்து நடுங்கினோமே, அதுவும் ஒரு ஃப்ளூதான். இந்தக் கிருமி அடிக்கடி உருமாறுவதால்தான் வருடா வருடம் ஊசி போடச் சொல்கிறார்கள். வருகிற பருவத்துக்கு எந்த வகைக் கிருமிகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி முடிவு செய்கிறது.

இனி முக்கியமான சங்கதி. ஊசிக்குப் பிறகு பெரியவருக்கு வருவதெல்லாம் ஊசியால் வருவதல்ல. இந்த வயதில் உடம்பில் ஏற்கெனவே நாலு கோளாறு இருக்கும். மாரடைப்போ, பக்கவாதமோ, நுரையீரலில் சளியோ, மூத்திரக் குழாயில் கிருமியோ நாள் பார்த்தா வரும்? ஊசி போட்ட மறுநாளும் வரலாம். "ஊசிதான் காரணம்" என்று நாம் முடிவு கட்டிவிட்டால், உண்மையான காரணத்தைத் தேட மாட்டோம். இன்னொன்று, வயதானவர்களுக்குக் கிருமி தாக்கினால் சில சமயம் காய்ச்சலே அடிக்காது. சாப்பிடாமல் இருப்பது, சுருண்டு படுப்பது, தடுமாறி விழுவது, பேச்சு குழம்புவது, இவைதான் அடையாளமாக இருக்கும்.

ஆகவே, கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் "ஊசி வேலை" என்று காத்திருக்கக் கூடாது:

* ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம், உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். இது கடுமையான ஒவ்வாமை. மிக அபூர்வம், ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஊசி போட்டதும் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

* நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போதல், பேச்சுக் குழறல்.

* ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், திடீர் வேர்வை, நடுக்கம்.

* நாள் முழுக்கச் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருத்தல், மூத்திரம் வெகுவாகக் குறைதல்.

* இரண்டு நாள் தாண்டியும் விடாத காய்ச்சல், அல்லது நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல்.

* அடுத்து வரும் வாரங்களில் காலில் ஆரம்பித்து மேலே ஏறும் பலவீனம். இது நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே என்ற நோயாக இருக்கலாம். ஊசியால் வருவதென்றால், பத்து லட்சம் பேருக்குப் போட்டால் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் என்கிறார்கள். ஃப்ளூ காய்ச்சல் வந்தவர்களுக்கும் இது வருவதுண்டு.

ஆபத்தான அறிகுறி என்றால் 108-க்குப் போன் போடுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் முதலில் மெஷினில் பாருங்கள். மெஷின் இல்லாத வீட்டில், வேர்த்து நடுங்கி விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சை அடைத்துவிடும்.

ஊசிக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். அன்றாடம் போடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊசிக்கு அப்புறம் இவங்க சரியாச் சாப்பிடலைன்னா, இதில் எதை நிறுத்தணும், எதை விடக் கூடாது?" பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, மூத்திரம் பிரியக் கொடுக்கும் மாத்திரைகூட சாப்பாடு, தண்ணீர் இறங்காத நாளில் தொல்லை தரலாம். அதற்காக நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது. முக்கியமாக, இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தாலோ, அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தாலோ, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் ஊசி போட்டுக்கொண்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வாரத்தின் நடுவில், காலை நேரமே நல்லது. முதல் இரண்டு இரவு யாராவது பெரியவரின் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். கஞ்சி, மோர், ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது.

மறு வருடம், 2024-ல், மாமியார் ஊசி போட்டுக்கொள்ள ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார். நாத்தனாரும் அவர் பக்கம். டாக்டரம்மா இருவருக்கும் நடந்ததை விளக்கி, சாப்பிடாத நாளுக்கு என்று தனியாக மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள். அந்தத் தடவை ஒரு நாள் கை வலியோடு போயிற்று.

ஊசியால்தான் கெடுதல் வந்தது என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், வாசலில் நின்று நாலு பேரிடம் புலம்புவதில் பயனில்லை. போட்ட டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தொலைபேசி இருக்கிறது. பொதுஜனங்களாகிய நாமும் அதில் சொல்லலாம்.

நம் வீடுகளில் பெரியவர்களின் முகம் பார்த்தே உடம்பைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் நாம்தான். "இன்னைக்கு அத்தை பேச்சு சரியில்லையே" என்று நமக்குத் தோன்றினால், அதை யாரும் "ஊசிதான்" என்று அடக்கிவிட இடம் கொடுக்காதீர்கள் சகோதரிகளே. ஊசியையும் தள்ளிவிட வேண்டாம். ஊசிக்குப் பிறகு கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டாம்.

— ஒரு வாசகி, விருதுநகர்.