வாட்ஸ்அப்பும் இல்லை, வீசாட்டும் இல்லை... சீனாவில் இருக்கும் பேத்தியோடு பாலக்கோடு அம்மாயி பேசுவது எப்படி?

மாலை ஆறு மணி ஆனால் போதும், பாலக்கோட்டில் எங்கள் வீட்டு டிவி சத்தம் தானாகக் குறைந்துவிடும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பார். அவர் திறப்பது வாட்ஸ்அப்பை அல்ல, ஐ.டி ஆட்கள் மீட்டிங்குக்குப் பயன்படுத்தும் டீம்ஸ் செயலியை!

அந்தப் பக்கம் சீனாவின் குவாங்சோ நகரம். அங்கே இரவு எட்டரை. தூங்கப் போகும் முன் அம்மாயியைப் பார்க்க என் அக்கா மகள் காத்திருப்பாள். அவளுக்கு ஆறு வயது.

"பத்தாவது படிச்ச நான் தினமும் மீட்டிங் போறேன் பாரு" என்று அம்மா சிரிப்பார். ஆனால், அந்தச் செயலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இரண்டரை வருடம் பிரிந்திருந்த கதை இருக்கிறது.

இரண்டு பக்கமும் மூடிய கதவு

மாமாவுக்குக் குவாங்சோவில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. கல்யாணம் முடிந்து அங்கே போன அக்கா, 2019 கடைசியில் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். 2020 பிப்ரவரியில் பாப்பா பிறந்தாள். அடுத்த மாதமே, மார்ச் 28 முதல், கொரோனாவால் வெளிநாட்டவருக்குச் சீனா எல்லையை மூடிவிட்டது. மாமா அங்கே, மனைவியும் குழந்தையும் இங்கே. ஊருக்கு வந்தால் திரும்ப வேலைக்குப் போக முடியாது என்ற பயத்தில் மாமா அங்கேயே இருந்துவிட்டார்.

போனில் முகம் பார்க்கலாம் என்றால் அதற்கும் சோதனை. சீனாவில் 2017 முதலே வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது. கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே சாதாரணமாகத் திறக்காது. அதனால் அதுவரை வீசாட்டில்தான் பேசினார்கள். 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அங்கே இருப்பது இங்கே இல்லை, இங்கே இருப்பது அங்கே இல்லை!

மாமாவின் ஆபீஸில் பயன்படுத்திய டீம்ஸ்தான் அப்போது கைகொடுத்தது. 2022 ஆகஸ்ட்டில் சீனா மறுபடி இந்தியர்களுக்குக் குடும்ப விசா கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் பாப்பாவைத் தன் அப்பா கையில் கொடுக்க முடிந்தது. முதல் நாள் அவரைப் பார்த்ததும் அழுதாளாம். "போனுக்குள்ள இருந்தவர் எப்படிக்கா வெளிய வந்தார்னு நெனச்சிருப்பா" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

முதல் 24 மணி நேரம்

"குடும்பத்தோட இங்க வர்றவங்க முதல்ல மறக்கக் கூடாதது போலீஸ் ஸ்டேஷன்தான்" என்கிறாள் அக்கா. ஹோட்டல் என்றால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே பதிய வேண்டும். நீண்ட காலம் தங்குபவர்கள் 30 நாளுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்தாளுக்கு அங்கே வேலை குறைவு. காய்கறிக்காரர் வரை க்யூ.ஆர் ஸ்கேன்தான். நம் யு.பி.ஐ மாதிரி அங்கே அலிபே, வீசாட் பே. வெளிநாட்டு வங்கி அட்டையையும் அவற்றில் இணைக்கலாம்.

அக்காவுக்கு வலித்த விஷயம் வேறு. பி.எட் முடித்து, இங்கே ஒரு பள்ளியில் பாடம் எடுத்தவள் அவள். கணவரின் வேலையை வைத்துக் குடும்ப விசாவில் போகும் மனைவி அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. "ஊர்ல டீச்சர்னு கூப்பிட்டாங்க. இங்க நான் பாஸ்போர்ட்ல ஒரு இணைப்புடா" என்று ஒருநாள் சொன்னாள். இப்போது சீன மொழி கற்றுக்கொள்கிறாள். மகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தருகிறாள்.

'ஆயி' என்றால் சித்தி!

மொழி பயமுறுத்தினாலும் உறவுமுறை பயமுறுத்தவில்லை. ஆங்கிலத்தில் எல்லோரும் 'அங்கிள்'தான். சீனத்தில் அப்படியில்லை. பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ', அத்தை 'கூகூ', தாய்மாமன் 'ஜியூஜியூ'. அம்மாவைப் பெற்றவரும் அப்பாவைப் பெற்றவரும் வேறு வேறு பெயர்தான். நம் அம்மாயி அங்கே 'வாய்போ', அப்பாயி 'நைநை'.

பக்கத்து வீட்டுப் பெண்மணியைப் பாப்பா 'ஆயி' என்று கூப்பிடுவாள். அம்மாவின் சகோதரியைக் குறிக்கும் அந்தச் சொல்லால்தான் பழகிய பெண்களையெல்லாம் பிள்ளைகள் அழைக்கிறார்கள். "அங்கயும் ஆயியா?" என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சர்யம். எதிரில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் பழக்கமும் அங்கே உண்டு. அதைக் கேட்ட நாளில்தான் ஊர் கொஞ்சம் பக்கமாகத் தெரிந்தது என்கிறாள் அக்கா.

களி இல்லை, தினை உண்டு

எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி இல்லாமல் வாரம் போகாது. குவாங்சோ கடைகளில் ராகி மாவு தேடி அலுத்த அக்காவுக்குக் கிடைத்தது தினை. அதன் சீனப் பெயர் 'சியாவோமி', அதாவது 'சிறு அரிசி'. ஆமாம், உங்கள் கையில் இருக்கும் போன் பெயரேதான்! வட சீனாவில் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தினை விளைகிறது. பிள்ளை பெற்றவளுக்கு அங்கே தினைக் கஞ்சிதான் கொடுப்பார்கள்.

பிரசவமானதும் ஒரு மாதம் வெளியே போகாமல், குளிர்ந்த தண்ணீர் தொடாமல், காற்று படாமல் இருக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு 'மாதம் உட்காருதல்' என்றே பெயர். நம் பத்தியத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை!

தாய்வீடு புறப்படுகிறது

இதையெல்லாம் அம்மா இப்போது உன்னிப்பாகக் கேட்கக் காரணம், அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஆவணியில் பிரசவம். "இந்த முறை நான் அங்க வரலம்மா. மறுபடி ஏதாவது ஆகி மூடிட்டா? நீ இங்க வா" என்றாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார்.

வேலை நிமித்தம் அங்கே வசிப்பவரின் பெற்றோர், மாமனார், மாமியார் 'எஸ்' வகை விசாவில் போகலாம். 180 நாள் வரை என்றால் எஸ்-2, அதற்கு மேல் எஸ்-1. அழைப்புக் கடிதத்தோடு உறவுக்கான சான்றும் வேண்டும். அங்கேதான் சிக்கல். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியலோடு வேறு மாதிரி. அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை இப்போதே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

குழந்தைக்கும் வேலை இருக்கிறது. பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால், அங்கே பிறந்ததால் மட்டும் சீனக் குடியுரிமை கிடைக்காது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். குவாங்சோவிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது. சீன அதிகாரிகளிடம் 60 நாளுக்குள் பதிய வேண்டும்.

பயணம் முன்பைவிடப் பரவாயில்லை. 2020 முதல் நின்றுபோயிருந்த நேரடி விமானம் 2025 அக்டோபர் 26-ல் கொல்கத்தா - குவாங்சோ தடத்தில் மறுபடி தொடங்கியது. தருமபுரிக்காரர்கள் பெங்களூரிலிருந்து கிளம்பி, வழியில் ஓரிடத்தில் மாறிப் போகலாம்.

அம்மாவின் பெட்டி இப்போதே பாதி நிறைந்துவிட்டது. சுக்கு, மிளகு, புதுத் துணி எல்லாம் ரெடி. பாலக்கோட்டு மாம்பழம் மட்டும் கிடையாது. பயணிகள் பழம் கொண்டுவர அங்கே அனுமதியில்லை. சொன்னதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பாப்பா கேட்டாள்: "அம்மாயி, நீ வந்த பிறகு மீட்டிங் யாரோட போடுவ?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். ஆவணியில் இருந்து அந்த மீட்டிங் என்னுடையது!