மேய்ப்பர்கள் வருமுன்னே வந்த வறட்சி

சஹாராவின் தென்விளிம்பில் செனகல் முதல் சூடான் வரை நீளும் சாஹேல் நிலப்பகுதி 1970களில் வறட்சியில் வாடியபோது, பழி அங்குள்ள மேய்ப்பர்கள்மீது விழுந்தது. மேய்ச்சலால் புல் அழிந்து வெளிறிய மண், வெயிலைத் திருப்பியனுப்பி மழையைத் தடுக்கிறது என்று 1975இல் அமெரிக்க வானிலையியலாளர் ஜூல் சார்னி விளக்கினார். அந்த விளக்கத்தை முதற்காரணமாக நான் ஏற்பதில்லை. அதற்கான சான்று கடலடிச் சேற்றில் இருக்கிறது.

வட அட்லாண்டிக்கின் ஆழ்கடல் படிவுகளில், கரைக்கு வெகுதொலைவில், கற்துகள் அடுக்குகள் கிடப்பதை 1988இல் ஜெர்மானியரான ஹார்ட்முட் ஹைன்ரிக் எடுத்துரைத்தார். பனியுகத்தில் வட அமெரிக்காவை மூடியிருந்த பனிப்பாளத்திலிருந்து உடைந்த பனிமலைகள், கல்லும் மண்ணும் சுமந்து மிதந்து வந்து உருகிய தடயம் அது. வெப்பமண்டலத்திலிருந்து வடக்கே ஓடும் உப்பு மிகுந்த வெந்நீர், அங்கே குளிர்ந்து கனத்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்புவது வழக்கம். உருகிய நன்னீரோ இலேசானது. அது மேலே பரவியதும் மூழ்கல் தளர்ந்தது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் இச்சுழற்சி மிகவும் மெலிந்ததை, பெர்முடா அருகே எடுத்த படிவுகளின் புரோட்டாக்டினியம்-தோரியம் விகிதம் காட்டுகிறது.

வெப்பம் வந்துசேராமல் வடக்கு குளிர்ந்தது. மழைப்பட்டை வெம்மையை நாடித் தெற்கே நகர்ந்தது. சாஹேல் காய்ந்தது, மேற்கு ஆப்பிரிக்கக் கடலடியில் பாலைவனத் தூசி கூடுதலாகப் படிந்தது. நீல நைல் பிறக்கும் தானா ஏரியே வற்றிப்போயிற்று. விக்டோரியா ஏரியும் வற்றியது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அது நிலநடுக்கோட்டின் மீதே கிடக்கிறது. மழைப்பட்டை நகர்ந்தது என்பது மட்டும் இதற்குப் போதாது. மழையே வலுவிழந்திருக்க வேண்டும். இந்தியப் பருவமழையும் அக்காலத்தில் மெலிந்திருந்ததை அரபிக்கடல் படிவுகள் சொல்கின்றன.

அன்று சாஹேலில் ஒரு மேய்ப்பர்கூட இல்லை. ஆப்பிரிக்காவில் மாடு வளர்ப்பு தொடங்கியது பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தே. 1970களின் வறட்சிக்குப் பனிமலைகள் காரணமல்லதான். ஆனால் 2003இல் வெளியான கணினி ஆய்வொன்றில், கடல் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் உள்ளிட்டபோதே அவ்வறட்சியின் போக்கு மீள உருவாயிற்று. நிலச்சிதைவு அதைக் கூட்டியிருக்கலாம்; தொடக்கம் கடலிலேதான்.

அட்லாண்டிக் சுழற்சி 2004 முதல் வட அகலாங்கு 26.5 பாகையில் தொடர்ந்து அளக்கப்படுகிறது. இந்நூற்றாண்டில் அது மெலியும் என்கிறது ஐ.நா. காலநிலைக் குழுவின் ஆறாம் மதிப்பீடு. 2100க்குள் திடீரென நிலைகுலையாது என்பதில் அக்குழுவுக்குள்ள நம்பிக்கை நடுத்தரமானதே. அந்த அளவீட்டுக் கருவிகளுக்கு ஆகும் செலவை, சாஹேலின் வறட்சித் தற்காப்புச் செலவாகவும் அரசுகள் கணக்கில் கொள்ள வேண்டும் என்பேன்.