உங்களுக்குத் தெரியுமா? 42 இருக்க வேண்டிய இடத்தில் 29

இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றதும் மிஞ்சியவை 29 மட்டுமே. ஒரு ஸ்குவாட்ரனில் 16 முதல் 18 விமானங்கள் என்றால், பள்ளம் எத்தனை பெரியது என்று பாருங்கள்!

1963இல் சேர்ந்த மிக்-21ஐ 62 ஆண்டுகள் பறக்கவிட நேர்ந்ததற்கு முக்கியக் காரணம், அதன் இடத்துக்கு வரவேண்டிய தேஜஸின் தாமதம். திட்டத்துக்கு ஒப்புதல் 1983இல். முதன்முதலாக வானேறியது 2001இல். முதல் ஸ்குவாட்ரன் 2016இல். 2018இல் அது கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது. மேம்பட்ட மார்க்-1ஏ ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து எஃப்-404 எஞ்சின்கள் குறித்த காலத்தில் வந்து சேராததால் அதுவும் தள்ளிப்போனது. இதற்கிடையிலும் மேலும் 97க்கு 2025இல் ஒப்பந்தம்.

புதியது வரும்வரை எல்லையைக் காக்கப் பழையதுதான் பறந்தாக வேண்டும். மற்ற நாடுகள் எல்லாம் கைவிட்டுவிட்ட ஜாகுவாரை இந்தியா இன்னும் இயக்குகிறது. பிரான்சும் ஓமனும் ஓய்வுகொடுத்த ஜாகுவார்களைப் பெற்று, உதிரிபாகங்களைக் கழற்றியெடுத்து நம் விமானங்களில் பொருத்துகிறார்கள். அந்தப் பொறியாளர்களின் உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.