செந்தேள் கொட்டினால் இதயம் ஏன் தடுமாறுகிறது?

நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லாங்காடு போன்ற வறண்ட நிலம் செந்தேளுக்கு வாகானது. கொட்டுவது காலில், ஆபத்தோ இதயத்துக்கு. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் நுழைந்ததும் நொடிக்குள் மூடிக்கொள்ள வேண்டிய அயனிக் கதவை விஷம் மூடவிடுவதில்லை. நரம்பு முனைகள் ஓயாமல் தூண்டப்பட்டு அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கொட்டித் தீர்க்கின்றன. இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் அளவுமீறிப் புகுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உடம்பு வியர்த்து, கைகால் சில்லிட்டு, முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இந்த நுணுக்கமெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு சரி, உயிர்களைக் காத்தது மகாராஷ்டிரத்தின் மகாடு ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கரின் அனுபவம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ரத்தக் கொதிப்புக்கான பிரசோசின் மாத்திரையை 1980களில் அவர் தேள்கடிக்குக் கொடுத்தது கிராமத்தில்தான். ஆனால் அது குருட்டாம்போக்கு வைத்தியமல்ல. அந்தச் சுரப்புகள் ரத்தக் குழாயில் பற்றும் இடத்தையே அம்மாத்திரை அடைக்கிறது. மூடாத கதவை மட்டும் அது தொடுவதில்லை. விஷத்தையே பிடிக்கும் முறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? 2011இல் வெளியான அவருடைய ஆய்வில், இரண்டும் பெற்றவர்களில் 91 சதவீதத்தினர் 10 மணி நேரத்தில் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதத்தினரே.