லீட்ஸ் ராத்திரியும் என் இடது காதும்

“ஏங்க... கேசட் சிக்கிக்கிச்சா? கரகரன்னு ஏதோ சத்தம் வருதே!”

கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்ட கேள்வி இது. “சிக்கலை. அது லீட்ஸ்லயே வந்த சத்தம்” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், 1970 பிப்ரவரி 14-ம் தேதி ராத்திரி ‘தி ஹூ’ என்ற ராக் இசைக்குழு வாசித்தது. அதை அங்கேயே பதிவு செய்து, அதே வருஷம் ‘லைவ் அட் லீட்ஸ்’ என்று இசைத்தட்டாகப் போட்டார்கள். டேப்பில் கரகரப்பு விழுந்திருந்தது. அதை மறைத்தார்களா என்றால், இல்லை! ‘இந்தச் சத்தம் இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம்’ என்கிற அர்த்தத்தில் லேபிளிலேயே எழுதிவிட்டார்கள்.

மேடைப் பதிவுகள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது இதனால்தான். ஸ்டூடியோ பாட்டு இஸ்திரி போட்ட சட்டை. மேடைப் பாட்டு வேர்வையில் நனைந்த சட்டை. 1965-ல் ஸ்டூடியோவில் மூன்று நிமிஷம் சொச்சத்தில் முடிந்த ‘மை ஜெனரேஷன்’ பாட்டை, லீட்ஸில் பதினாலு நிமிஷத்துக்கு மேல் இழுத்தார்கள். எப்போது முடியும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாதோ என்று தோன்றும். கீத் மூனின் டிரம்ஸ் கதவை உடைக்கிற மாதிரி வரும். ஜான் என்ட்விசிலின் பேஸ் கிதார் அடிவயிற்றில் இறங்கும்.

அடிவயிற்றில் இறங்கணும்னா சத்தமாகத்தானே வைக்கணும்? அங்கேதான் தப்புப் பண்ணினேன். வாக்மேன், காதில் இயர்ஃபோன், வால்யூம் கடைசிவரை... வருஷக்கணக்காக இப்படித்தான். ஒருநாள் ராத்திரி படுத்தபோது இடது காதில் ‘ஙொய்’யென்று ஒரு ரீங்காரம். காலையிலும் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை.

காது டாக்டர் பொறுமையாக விளக்கினார். உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு பகுதி. அதற்குள் மெல்லிய முடி முளைத்தது போன்ற செல்கள். ஒலியை நரம்புக்குக் கொண்டு சேர்ப்பவை அவைதான். அதிகச் சத்தத்தில் செத்துப்போனால், மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட, நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம்தான்!

தி ஹூ குழுவினரோ, 1976-ல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தள்ளி அளந்தபோதே 126 டெசிபல் காட்டி கின்னஸில் ஏறியவர்கள். (காதுக்குக் கேடு என்று கின்னஸ்காரர்கள் பிற்பாடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.) குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டுக்கும் காது கெட்டது, ரீங்காரமும் வந்தது. 1989 சுற்றுப்பயணத்தில் பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிதாரைத்தான் வாசித்தார். ஆனால், 2005-06 வாக்கில் அவர் குற்றம் சொன்னது மேடையை அல்ல. ஸ்டூடியோவில் மாட்டிக்கொண்ட ஹெட்ஃபோனை! படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

கேட்பதை நான் விடவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறதே... வால்யூம் குமிழ்! இப்போது இயர்ஃபோன் கிடையாது. ஸ்பீக்கரில்தான். அதுவும் பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் காதில் விழுகிற அளவுக்கு. வேடிக்கை என்னவென்றால், குறைத்து வைத்த பிறகுதான் நிறையக் கேட்கிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபையரின் முனகல், கூட்டத்தின் கூச்சல், அடுத்த பாட்டுக்கு முன்னால் அடிக்கிற அரட்டை... அந்த நேரத்துக்கு என் ரீங்காரம்கூட மறந்துபோகிறது. (உங்களுக்கும் காதில் இரைச்சல் நீடித்தால், தானாகப் போய்விடும் என்று என்னை மாதிரி தள்ளிப்போடாமல் காது டாக்டரிடம் போய்விடுங்கள்.)

போன வாரம் 1995-ல் வந்த சி.டி.யைப் போட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க... அந்தக் கரகர சத்தத்தைக் காணோமே?”

“கம்ப்யூட்டர் வச்சுத் துடைச்சுட்டாங்க.”

“அடப் பாவமே! பழசே நல்லா இருந்துச்சு” என்றாள்.